நாலாவது வால்வு எதற்கு?

ட்ரம்பெட் வாசிப்பவரின் வலது கையைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றுக்கும் ஓயாத வேலை. சுண்டுவிரல் மட்டும் ஒரு கொக்கியில் சும்மா மாட்டிக்கொண்டிருக்கும். கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் போகும் பேண்டு செட்டாக இருந்தாலும் சரி, குடியரசு தின அணிவகுப்பில் வரும் ராணுவ பேண்டாக இருந்தாலும் சரி, ஐரோப்பிய சிம்பொனி மேடையாக இருந்தாலும் சரி, வால்வு மூன்றுதான்.

லெபனானில் பிறந்து பிரான்ஸில் வளர்ந்த இப்ராஹிம் மாலூஃபின் ட்ரம்பெட்டில் நான்கு இருக்கும். அந்த நாலாவதைக் கொண்டுவந்தவர் அவருடைய அப்பா நசீம் மாலூஃப். ஏற்கெனவே மூன்று வால்வில் உலகத்துப் பாட்டையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கும் ஒரு கருவிக்கு இன்னொன்று எதற்கு? பித்தளை வாத்தியங்களின் இருநூறு ஆண்டுக் கதையில் இந்தக் கேள்விக்கு ஒன்றல்ல, மூன்று பதில்கள் இருக்கின்றன. சுருதி, கீழ் ஸ்தாயி, இல்லாத ஸ்வரம். மூன்றையும் புரிந்துகொள்ள, முதலில் வால்வே இல்லாத குழலிலிருந்து தொடங்க வேண்டும்.

வெறும் பித்தளைக் குழலில் உதட்டை அதிரவைத்து ஊதினால் ஒரு ஸ்வரம் வரும். உதட்டை இன்னும் இறுக்கினால் ஸ்வரம் படிப்படியாக ஏறாது, தாவும். ச-விலிருந்து நேரே ப-வுக்கு, அங்கிருந்து மேல் ச-வுக்கு, அப்புறம் மேல் க-வுக்கு. நடுவில் இருப்பவை வராது. படைமுகாம்களில் ஊதும் பியூகிள் விடிந்தாலும் அடைந்தாலும் அதே நான்கைந்து ஸ்வரங்களுக்குள் சுற்றிவருவது இதனால்தான். ஊதுபவருக்குத் தெரியாமல் இல்லை, குழலில் அவ்வளவுதான் இருக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்ப 18-ஆம் நூற்றாண்டில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். பாட்டுக்குப் பாட்டு குழலின் ஒரு துண்டைக் கழற்றி வேறு நீளத் துண்டைச் செருகினார்கள். ஹார்ன் வாசிப்பவர்கள் வாத்தியத்தின் வாய்க்குள் கையை நுழைத்து ஸ்வரத்தை இறக்கினார்கள். வியன்னாவில் ஆன்டன் வெய்டிங்கர் என்பவர் ட்ரம்பெட்டில் ஓட்டை போட்டுச் சாவிகள் பொருத்தினார். ஹேடன் 1796-இல் எழுதிய புகழ்பெற்ற ட்ரம்பெட் கான்செர்ட்டோ அந்தச் சாவி வைத்த ட்ரம்பெட்டுக்காக எழுதப்பட்டதுதான். ஆனால் பித்தளைக் குழலில் ஓட்டையைத் திறந்தால் அந்த ஸ்வரத்தின் கணீர்த்தன்மை குறைந்துவிடுகிறது. அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்கள் வெவ்வேறு வாத்தியத்தில் வாசித்தது போலக் கேட்கும்.

விடை பிரஷ்யாவிலிருந்து வந்தது. ஹார்ன் கலைஞர் ஹென்றிக் ஷ்டோல்சல் 1814-இல் தன் கண்டுபிடிப்பைப் பற்றி மன்னருக்குக் கடிதம் எழுதினார். ஃப்ரீட்ரிக் ப்ளூமல் என்ற இன்னொரு இசைக்கலைஞரும் அதே யோசனைக்கு உரிமை கொண்டாடினார். கடைசியில் 1818-இல் இருவர் பெயரிலும் கூட்டாகக் காப்புரிமை வழங்கப்பட்டது. யோசனை எளியது. குழலில் ஓட்டை போடாமல், காற்றை ஒரு பக்க வளையத்துக்குள் திருப்பிவிட்டு மறுபடி பிரதானக் குழலுக்குக் கொண்டுவருவது. வளையத்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவுக்கு ஸ்வரம் இறங்கும். விரலை எடுத்தால் பழைய நீளம்.

முதலில் வந்த வாத்தியங்களில் வால்வு இரண்டுதான். லைப்சிக் நகரத்து வாத்தியத் தச்சர் கிறிஸ்டியன் ஃப்ரீட்ரிக் சாட்லர் 1820-ஐ ஒட்டி மூன்றாவதைச் சேர்த்தார். ஆக, இன்று எல்லோரும் இயல்பு என்று நினைக்கும் மூன்றாவது வால்வே ஒரு காலத்தில் கூடுதல் வால்வுதான்!

மூன்றோடு நிறுத்திக்கொண்டதற்கு ஒரு கணக்கு உண்டு. ச-வுக்கும் ப-வுக்கும் நடுவே எத்தனை ஸ்வரஸ்தானங்கள் என்று பாட்டு வகுப்புக்குப் போகும் குழந்தையைக் கேட்டாலே சொல்லிவிடும்: ரி இரண்டு, க இரண்டு, ம இரண்டு. மொத்தம் ஆறு. ட்ரம்பெட்டின் முதல் வால்வு ஒரு முழு ஸ்வரம் இறக்கும், இரண்டாவது அரை, மூன்றாவது ஒன்றரை. மூன்றையும் சேர்த்தால் ஆறு அரை ஸ்வரங்கள். ப-வில் தொடங்கி இரண்டாவதை அழுத்தினால் பிரதி மத்யமம், முதலாவதை அழுத்தினால் சுத்த மத்யமம், இரண்டையும் அழுத்தினால் அந்தர காந்தாரம், இரண்டும் மூன்றும் சாதாரண காந்தாரம், ஒன்றும் மூன்றும் சதுச்ருதி ரிஷபம், மூன்றையும் ஒருசேர அழுத்தினால் சுத்த ரிஷபம். அதற்குக் கீழே ச, வால்வே இல்லாமல் கிடைக்கும். இடைவெளி கச்சிதமாக அடைபட்டுவிட்டது.

காகிதத்தில் கச்சிதம், காதில் அல்ல.

அரை ஸ்வரம் இறங்க வேண்டுமென்றால், அந்த நேரத்தில் குழல் எவ்வளவு நீளம் இருக்கிறதோ அதில் சுமார் 6 சதவீதம் கூட்ட வேண்டும். சாதாரண ட்ரம்பெட்டின் குழலை நிமிர்த்தி அளந்தால் ஏறத்தாழ 148 சென்டிமீட்டர். அதற்கேற்ப இரண்டாவது வால்வின் வளையம் கிட்டத்தட்ட 9 செ.மீ., முதலாவது 18, மூன்றாவது 28 என்று வைக்கலாம். ஒவ்வொன்றையும் தனியே அழுத்தினால் சுருதி சுத்தமாக நிற்கும். மூன்றையும் சேர்த்து அழுத்தினால்? கூடுவது 55 செ.மீ. ஆனால் ஆறு அரை ஸ்வரம் இறங்கத் தேவைப்படுவது 61. தனி வட்டிக்கும் கூட்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. முதல் வால்வை அழுத்தியதுமே குழல் நீண்டுவிட்டது. நீண்ட குழலுக்கு இரண்டாவது வால்வின் 9 செ.மீ. போதாது. ஆனால் அந்த வளையத்துக்கு அது தெரியாதே! வெறும் குழலுக்கு வெட்டிய அளவில்தான் அது எப்போதும் இருக்கும். விடுபட்ட 6 செ.மீ.யால் சுத்த ரிஷபம் ஏறக்குறைய கால் ஸ்வரம் தூக்கி ஒலிக்கும். அபஸ்வரம் என்று யாருக்கும் தெரிந்துவிடும் அளவு அது.

ட்ரம்பெட் தச்சர்கள் இதைச் சமாளித்துவிட்டார்கள். மூன்றாவது வளையத்தைக் கொஞ்சம் நீளமாகவே வெட்டுவார்கள். போதாததற்கு அந்த வளையம் உள்ளே வெளியே நகரும்படி இருக்கும். அதில் ஒரு மோதிரம் பற்றவைத்திருப்பார்கள், வாசிப்பவர் இடது கை மோதிர விரலை அதற்குள் விட்டிருப்பார். கீழ் ரிஷபம் வரும்போது அந்த விரல் சட்டென்று வளையத்தை ஓரிரு அங்குலம் வெளியே தள்ளிவிட்டு அடுத்த நொடியில் இழுத்துக்கொள்ளும். மேடையில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. வலது கை மூன்று வால்வை ஆட்ட, இடது கை சுருதி பார்க்கிறது.

குழல் நீள நீளத்தான் தொல்லை. யூஃபோனியத்தின் குழல் 9 அடி. அதே கணக்கில் அங்கே விடுபடுவது சுமார் 12 செ.மீ. 18 அடிக் குழல் கொண்ட பெரிய ட்யூபாவில் அது கால் மீட்டரை நெருங்கும். மடியில் அணைத்துப் பிடித்திருக்கும் வாத்தியத்தில் ஒரு விரலால் கால் மீட்டர் வளையத்தைத் தள்ளி இழுப்பது நடக்கிற காரியம் இல்லை.

கூடுதல் வால்வு நிஜமாக வேர்விட்டது இந்தத் தாழ்ந்த குரல் வாத்தியங்களில்தான். நாலாவது வால்வு தனியாகவே ஐந்து அரை ஸ்வரங்கள் இறக்கும், அதாவது ஒன்றையும் மூன்றையும் சேர்த்து அழுத்தும் வேலையைத் தான் ஒருவனே செய்யும். யூஃபோனியத்தில் அதன் வளையம் மட்டும் 90 செ.மீ.க்குக் குறையாது. சரியான நீளத்துக்கு வெட்டிவிட்டால் சதுச்ருதி ரிஷபம் சுத்தமாக நிற்கும். அதோடு இரண்டாவதைச் சேர்த்தால் சுத்த ரிஷபமும் பெரிதாகப் பிசகாது. முதல் பதில் இது: சுருதி.

இரண்டாவது பதில் கீழே இருக்கிறது. ச-விலிருந்து இறங்கினால் மூன்று வால்வை வைத்துக்கொண்டு கீழ் ஸ்தாயியின் பிரதி மத்யமம் வரைதான் போகலாம். அதற்கும் கீழே சுத்த மத்யமம், காந்தாரம் இரண்டு, ரிஷபம் இரண்டு என்று ஐந்து ஸ்வரங்கள் வெற்றிடம். பிறகு அடிமட்டத்தில் ச மறுபடி கிடைக்கும். ட்ரம்பெட்டுக்கு இந்த வெற்றிடம் பெரிய நஷ்டம் இல்லை, அவ்வளவு கீழே அதற்குப் பாட்டில் வேலை இல்லை. பாஸ் வாத்தியத்துக்கோ அதுதான் பிழைப்பே. பெர்லினில் பிரஷ்ய ராணுவ பேண்டுகளைக் கவனித்துக்கொண்ட வில்ஹெல்ம் வீப்ரெக்டும் வாத்தியத் தச்சர் மோரிட்ஸும் 1835-இல் ட்யூபாவுக்குக் காப்புரிமை வாங்கியபோதே அதில் வால்வுகள் ஐந்து. வியன்னாவில் பின்னாளில் ஆறு வால்வு ட்யூபாவே வழக்கமாயிற்று. ட்ரம்பெட் மூன்றைத் தாண்டத் தயங்கிக்கொண்டிருந்தபோது ட்யூபா பிறக்கும்போதே தாண்டிவிட்டது.

ஆனால் நாலாவது வால்வும் அதே பள்ளத்தில்தான் விழுந்தது. அதை அழுத்தியதும் குழல் மூன்றில் ஒரு பங்கு நீண்டுவிடுகிறது. மற்ற மூன்று வளையங்களும் இப்போது முன்பைவிட அதிகமாகக் குறைபடும். நான்கையும் சேர்த்து அழுத்தினால் கணக்குப்படி 11 அரை ஸ்வரங்கள் இறங்க வேண்டும், உண்மையில் 9-ஐச் சற்றே தாண்டி நின்றுவிடும். அடிமட்டச் சுத்த ரிஷபம் கிடைக்கவே கிடைக்காது. நோயைத் தீர்க்க வந்த மருந்து அதே நோயில் படுத்துக்கொண்ட கதை.

இந்த இடத்தில்தான் லண்டன் பூசி நிறுவனத்தில் இருந்த டேவிட் ஜேம்ஸ் பிளெய்க்லி வருகிறார். ஒலியியலில் தேர்ந்தவர். 1874-இல் அவர் கொண்டுவந்த ஏற்பாட்டைப் பித்தளை வாத்தியத் தொழில்நுட்பத்தின் மிக அழகான யோசனை என்றே சொல்லலாம். நாலாவது வால்வை அழுத்தியதும் காற்று அதன் பெரிய வளையத்தைச் சுற்றிவிட்டு நேரே வெளியேறாது. திரும்பவும் முதல் மூன்று வால்வுகளுக்குள் பின்பக்கமாக நுழைந்து இன்னொரு சுற்று வரும். அந்த இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு குட்டி வளையம் பொருத்தியிருக்கும். அழுத்திய வால்வின் குட்டி வளையம் மட்டும் கூடுதலாகச் சேரும். குறைந்த நீளத்தை வாத்தியம் தானே ஈடுகட்டிக்கொள்கிறது, வாசிப்பவர் எதையும் தள்ளவோ இழுக்கவோ வேண்டியதில்லை.

வால்வுக்குள் இப்படி இரட்டைப் பாதை அமைக்க வேண்டுமென்றால் பிஸ்டன் நீளமாகும், வாத்தியம் கனக்கும். இரண்டு முறை வளைந்து நெளிந்து போகும் காற்று கீழ் ஸ்வரங்களில் கொஞ்சம் அடைத்துக்கொண்டது போலவும் இருக்கும். அதைப் பொருட்படுத்தாமல் பிரிட்டிஷ் பிராஸ் பேண்டுகள் இந்த முறையையே பிடித்துக்கொண்டன. இன்றைக்கும் அங்கே யூஃபோனியம் என்றால் வலது கைக்கு மேலே மூன்று, பக்கவாட்டில் இடது கைக்கு ஒன்று, பின்னால் குட்டி வளையங்கள் என்றுதான் பொருள்.

சாக்ஸஃபோனைக் கண்டுபிடித்த அடோல்ஃப் சாக்ஸ் வேறு வழியில் போனார். வால்வுகளைச் சேர்த்து அழுத்துவதால்தானே இத்தனை தகராறு? சேர்த்து அழுத்தவே வேண்டாம் என்றார். 1852-இல் அவர் காப்புரிமை பெற்ற முறையில் ஆறு வால்வுகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழல் நீளம், எப்போதும் ஒன்றை மட்டுமே அழுத்துவது. சுருதிக் கணக்கில் குறையே சொல்ல முடியாது. ஆனால் தூக்கிப் பிடிக்கக் கை வேண்டுமே! குழல்கள் கொத்துக்கொத்தாய்ச் சுற்றிய அந்த வாத்தியங்களைப் பார்த்தால் வாத்தியக் கடையா, குழாய்ப் பட்டறையா என்று சந்தேகம் வரும். பழகிய விரலமைப்பை மறந்துவிட்டுப் புதிதாகக் கற்க வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது. சாக்ஸின் ஆறு வால்வு நிலைக்கவில்லை. சுருதிக் கணக்கு சரியாக இருந்துவிட்டால் மட்டும் ஒரு வாத்தியம் பிழைத்துவிடாது என்பதற்கு அதுவே சாட்சி.

வாத்தியத்துக்கு வாத்தியம் கூடுதல் வால்வின் வேலையும் மாறுகிறது. ட்ராம்போனுக்கு ஐந்து அரை ஸ்வரங்கள் இறக்கும் வால்வை 1839-இல் பொருத்தியவரும் அதே லைப்சிக் சாட்லர்தான். கையை முழுதாக நீட்டிச் சறுக்கு வளையத்தைத் தள்ள வேண்டிய இடத்தில் கட்டைவிரலால் ஒரு நெம்புகோலை அழுத்தினால் போதும் என்றாயிற்று. ஹார்னில் வந்த கட்டைவிரல் வால்வு இன்னும் துணிச்சலானது. எர்ஃபுர்ட் நகரத்தில் ஃப்ரிட்ஸ் க்ருஸ்பே 1897-இல் செய்த இரட்டை ஹார்னில் ஒரே உடம்புக்குள் இரண்டு ஹார்ன்கள் இருந்தன: 12 அடியில் ஒன்று, 9 அடியில் ஒன்று. கட்டைவிரல் அசைவில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம். சிம்பொனி இசைக்குழுக்களில் இன்று காணும் ஹார்ன்களில் பெரும்பாலானவை இதன் வாரிசுகள்.

ட்ரம்பெட் குடும்பத்திலேயே ஒரு வாத்தியத்துக்கு நாலாவது வால்வு சகஜம்: பிக்கோலோ ட்ரம்பெட். சாதாரண ட்ரம்பெட்டின் பாதி நீளம், ஒரு ஸ்தாயி உயரம். பீட்டில்ஸின் ‘பென்னி லேன்’ பாட்டில் நடுவே கூர்மையாகத் துள்ளி வருகிறதே, அந்தச் சின்ன ட்ரம்பெட்தான். உயரத்தில் பறக்கும் இந்த வாத்தியத்துக்குக் கீழே இறங்கத் தெரியாது. பாஹ் காலத்து இசையை வாசிக்கும்போது அங்கங்கே தாழ்ந்த ஸ்வரங்கள் தேவைப்படும். அந்தப் பள்ளத்தை அடைக்கத்தான் நாலாவது. பிரெஞ்சு ட்ரம்பெட் மேதை மோரிஸ் ஆந்த்ரே பாரிஸின் செல்மர் நிறுவனத்தின் நான்கு வால்வு பிக்கோலோவை வாசித்து உலகம் முழுக்கப் பிரபலமாக்கினார். இந்த ஆந்த்ரேயின் மாணவராக லெபனானிலிருந்து வந்து சேர்ந்தவர்தான் நசீம் மாலூஃப்.

அவர் கதைக்குப் போவதற்கு முன் ஒரு நிமிடம் பட்டறைக்குள் எட்டிப் பார்த்துவிடுவோம். ஏனென்றால் ‘ஒரு வால்வு சேர்ப்பது’ என்று வாயால் சொல்வது சுலபம்.

வால்வின் மேல் மூடியைத் திருகிக் கழற்றி பிஸ்டனை வெளியே இழுத்தால், விரல் தடிமனைவிடக் கொஞ்சம் பெரிய ஓர் உருளை வரும். அதன் உடம்பில் அங்கங்கே வட்டத் துளைகள். ஒரு துளை வழியாகப் பார்த்தால் வேறொரு மட்டத்தில் இருக்கும் இன்னொரு துளை தெரியும். உருளைக்குள்ளே வளைந்த சிறு குழல்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடுகின்றன. இடம் போதாமல் ஒரு குழல் இன்னொன்றின் வழியில் புடைத்துக்கொண்டிருப்பதும் உண்டு. பாரிஸில் ஃப்ரான்சுவா பெரினே 1839-இல் வகுத்த வடிவம் இது. மேலே இருக்கும்போது காற்று நேர்த்துளை வழியே போய்விடும். அழுத்தியதும் வேறு துளைகள் எதிரே வந்து காற்றை வளையத்துக்குள் திருப்பும். பிஸ்டனுக்கும் அது ஓடும் கூட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தலைமயிரைவிட மெல்லியது. அதில் வால்வு எண்ணெய்ப் படலம் ஒன்றுதான் காற்றைக் கசியவிடாமல் காக்கிறது. ஒரு தூசி விழுந்தாலும் பிஸ்டன் பாதியில் சிக்கிக்கொள்ளும்.

ஏற்கெனவே உள்ள ட்ரம்பெட்டில் இன்னொன்றைச் சேர்க்க வேண்டுமானால் குழலை அறுத்துத்தான் ஆக வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. புதிய வால்வை அழுத்தாமல் சும்மா விட்டாலும் காற்று அதன் நேர்த்துளையைக் கடந்துதான் போக வேண்டும். அந்தத் துளையின் நீளத்துக்குச் சமமான துண்டைப் பிரதானக் குழலில் வெட்டி எறியாவிட்டால் வாத்தியம் முழுவதும் சுருதி இறங்கிவிடும். பிறகு வளையத்துக்கான குழலை வளைக்க வேண்டும். வெறுமனே வளைத்தால் நசுங்கும். அதனால் உள்ளே உருக்கிய கீலை ஊற்றி இறுகவைத்தோ, சோப்புத் தண்ணீரை நிரப்பிப் பனிக்கட்டியாக்கியோ வளைத்துவிட்டு, பின்பு உருக்கி எடுத்துவிடுவார்கள். பற்றவைக்கும்போது பக்கத்தில் இருக்கும் பழைய பற்றுகள் சூட்டில் இளகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடு ஒரு இழை கோணினாலும் பிஸ்டன் ஓடாது. ஊதும் மூச்சின் ஈரம் தங்கும் புதுப் பள்ளம் ஒன்று உருவாகியிருக்கும், அதை வடிக்கவும் வழி செய்ய வேண்டும். எல்லாம் முடிந்து கையில் எடுத்தால் எடை ஒரு பக்கம் இழுக்கும்.

இத்தனை பாடுபட்டு நசீம் மாலூஃப் சேர்க்க விரும்பியது சுருதித் திருத்தத்தையோ கீழ் ஸ்தாயியையோ அல்ல. ட்ரம்பெட்டில் இல்லவே இல்லாத ஸ்வரங்களை.

நம் ராகங்களைப் போன்ற அரபு இசையின் மகாம்களில், குறிப்பாக ராஸ்த், பயாத்தி போன்றவற்றில், ஐரோப்பாவின் 12 ஸ்வரஸ்தானங்களுக்குள் அடங்காத இடங்கள் உண்டு. ராஸ்த் மகாமின் மூன்றாவது ஸ்வரம் நம் கணக்கில் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே உட்காரும். பயாத்தியின் இரண்டாவது ஸ்வரம் இரண்டு ரிஷபங்களுக்கு நடுவே. ஊத் வாத்தியத்தில் மெட்டு கிடையாது, விரலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். வயலினும் அப்படித்தான். பியானோவும் ட்ரம்பெட்டும் அந்த இடத்தில் ஊமை. 1932-இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டில் பார்டோக், ஹிண்டமித் போன்ற ஐரோப்பிய இசை மேதைகளும் கலந்துகொண்டார்கள். ஒரு ஸ்தாயியை 24 சம பங்குகளாகப் பிரித்துவிடலாமா என்று அங்கே விவாதமே நடந்தது.

கால் ஸ்வரத்தின் மீது ஐரோப்பியர்களுக்கும் ஆசை இருந்தது. செக் நாட்டு அலாய்ஸ் ஹாபா முழுக்கக் கால் ஸ்வரங்களிலேயே ‘அம்மா’ என்ற ஓபராவை எழுதி 1931-இல் மூனிக்கில் அரங்கேற்றினார். அதற்கென்றே தனி ட்ரம்பெட்டும் க்ளாரினெட்டும் செய்ய வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஜாஸ் கலைஞர் டான் எல்லிஸுக்கு ஹோல்ட்டன் நிறுவனம் 1965-இல் நான்கு வால்வு கால் ஸ்வர ட்ரம்பெட் செய்து கொடுத்தது. பிறகு அவர் தன் குழுவின் ட்ரம்பெட் வரிசை முழுவதையும் அதற்கு மாற்றினார். 1975-இல் கால் ஸ்வரங்களுக்கென்று ஒரு பாடப்புத்தகமும் எழுதினார். எல்லிஸுக்கு இந்தியத் தொடர்பு உண்டு. ரவிசங்கரின் சீடர் ஹரிஹர் ராவிடம் இந்திய இசை கற்று, இருவரும் சேர்ந்து ‘ஹிந்துஸ்தானி ஜாஸ் செக்ஸ்டெட்’ என்ற குழுவை நடத்தினார்கள். 1966-இல் மான்டரே ஜாஸ் விழாவில் எல்லிஸ் வாசித்த ஓர் உருப்படியின் தலைப்பே தாளக் கணக்குதான்: 33 222 1 222. கூட்டிப் பார்த்தால் 19 அட்சரம்.

ஆனால் ஹாபாவுக்கும் எல்லிஸுக்கும் கால் ஸ்வரம் ஒரு சோதனை, புதுச் சுவை. நசீமுக்கு அது தாய்மொழி. பாரிஸில் ஐரோப்பியச் செவ்வியல் ட்ரம்பெட்டை முறையாகப் படித்துத் தேறிய பிறகும், ஊரில் கேட்டு வளர்ந்த பாட்டை அந்த வாத்தியத்தில் வாசிக்க முடியாத நிலை. 1960-களில் அவர் தேடிக் கண்டுகொண்ட தீர்வு எண்ணிக்கையில் சின்னது. கால் ஸ்வரம் இறங்கச் சாதாரண ட்ரம்பெட்டுக்குத் தேவையான கூடுதல் நீளம் சுமார் 4.3 செ.மீ. யூஃபோனியத்தின் நாலாவது வளையம் 90 செ.மீ. என்று பார்த்தோமே, அதனோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அந்த நாலரை செ.மீ. கூட இல்லாத வளையம் 12 ஸ்தானங்களை 24 ஆக்கிவிட்டது.

கூட்டு வட்டிக் கணக்கு இங்கும் விடாது. மற்ற மூன்று வால்வுகளும் அழுந்தியிருக்கும்போது கால் ஸ்வரம் இறங்க 6 செ.மீ. வேண்டும், வளையம் தருவது 4.3 தான். மிச்சத்தை வாசிப்பவரின் உதடும் காதும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரபு இசைக்கு அது குறையும் இல்லை. கெய்ரோவில் அந்தக் காந்தாரம் நிற்கும் இடம் வேறு, அலெப்போவில் வேறு. சரிபாதியில் நிற்கும் கால் ஸ்வரம் என்பது காகிதத்தில்தான். வால்வு கிட்டத்தில் கொண்டுபோய் விடும், மீதி வித்வானின் பொறுப்பு.

லெபனான் உள்நாட்டுப் போரின்போது மாலூஃப் குடும்பம் பிரான்ஸுக்குக் குடிபெயர்ந்தது. 1980-இல் பெய்ரூட்டில் பிறந்த இப்ராஹிம் ஏழு வயதில் அப்பாவிடமே ட்ரம்பெட் படிக்கத் தொடங்கி, சிறுவனாக இருக்கும்போதே அப்பாவுடன் மேடை ஏறினார். எழுத்தாளர் அமீன் மாலூஃப் இவருக்குச் சித்தப்பா முறை. எகிப்தியப் பாடகி உம்மு குல்தூமின் ‘ஆயிரத்தொரு இரவுகள்’ பாடலை எடுத்து 2015-இல் ‘கல்தூம்’ என்ற பெயரில் ஒரு முழு ஆல்பமாக விரித்தார். கேட்டுப் பாருங்கள். ட்ரம்பெட் என்றதும் நாம் எதிர்பார்க்கும் போர்முழக்கக் குரல் அதில் கிடையாது. மூச்சு கலந்த, தொண்டையிலிருந்து வருவது போன்ற குரல், பிசிறில்லாமல் அந்த நடு ஸ்வரங்களில் போய் உட்காருகிறது. மற்ற கூடுதல் வால்வுகள் வாத்தியத்தின் குறையைத் திருத்தின. இந்த வால்வு வாத்தியத்துக்கு இன்னொரு மொழியையே கற்றுக்கொடுத்தது. அந்த வகையில் இதுவே எல்லாவற்றிலும் பெரிய சேர்மானம் என்பேன்.

கால் ஸ்வரம் வந்துவிட்டால் கர்நாடக சங்கீதத்தையும் ட்ரம்பெட்டில் வாசித்துவிடலாமே என்று நம்மில் சிலருக்குத் தோன்றும். அவ்வளவு சுலபம் இல்லை. மகாமுக்கு வேண்டியது நிற்பதற்கு இன்னொரு ஸ்தானம், அதை வால்வு கொடுக்கும். நம் கமகமோ ஓரிடத்திலும் நிற்காமல் இரண்டு ஸ்தானங்களுக்கு நடுவே அசைந்துகொண்டே இருப்பது. தோடி காந்தாரத்துக்கு எத்தனை பொத்தான் வைத்தாலும் போதாது.

இவ்வளவு பயன் இருந்தும் எல்லா ட்ரம்பெட்டிலும் நாலாவது ஏன் வரவில்லை? எடை, விலை, கூடுதல் பராமரிப்பு எல்லாம் ஒரு பக்கம். முக்கியமான காரணம், ட்ரம்பெட்டுக்கு எழுதப்பட்ட இசையில் மிகப் பெரும்பகுதிக்கு அது தேவைப்படுவதே இல்லை. உத்தரப்பிரதேசத்தின் மீரட்டில் ஜாலி கோத்தி என்ற பகுதி பேண்டு வாத்தியங்களுக்குப் பேர்போனது. நாடு முழுக்கக் கல்யாணங்களில் ஒலிக்கும் பித்தளை வாத்தியங்களில் பெரும்பங்கு அங்கிருந்து போகிறது. அந்தப் பட்டறைகளிலும் ட்ரம்பெட் என்றால் மூன்று வால்வுதான். சினிமாப் பாட்டு வாசிக்க அது தாராளம்.

பள்ளி பேண்டிலோ தேவாலயத்து பேண்டிலோ சேரும் பிள்ளைக்கு வாத்தியம் வாங்கப் போகிறவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளலாம். ட்ரம்பெட்டுக்கு நாலாவது வால்வைத் தேடி அலைய வேண்டாம். மூன்றாவது வளையத்தில் மோதிரம் இருக்கிறதா, அது தடங்கலின்றி நகர்கிறதா என்று பார்த்தால் போதும். யூஃபோனியம் என்றால் வாத்தியத்தைத் திருப்பி வால்வுகளின் பின்பக்கம் பாருங்கள். அங்கே குட்டி வளையங்கள் இருந்தால் அது பிளெய்க்லி முறை, விலையும் கனமும் கூடும். வளையம் இல்லாமல் நாலாவது வால்வு மட்டும் இருந்தால் அடிமட்ட ஸ்வரங்கள் சிலவற்றில் அது கைவிடும். சின்னப் பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் கனமில்லாத மூன்று வால்வு வாத்தியமே நல்லது. கீழ் ஸ்தாயிப் பாடங்கள் வரும்போது, வாத்தியாரைக் கேட்டு நாலாவதைப் பற்றி முடிவு செய்துகொள்ளலாம்.